முகவரிக் குத்தகை: டி.எச்.சி.பி.க்குச் சில சொற்கள்

நண்பர்களுக்கு வணக்கம்.

வைஃபையில் சேரும் கருவி ஒவ்வொன்றுக்கும் ரவுட்டர் தானாக ஓர் எண் முகவரி (ஐ.பி. முகவரி) கொடுக்கிறதே, அதற்கான நெறிமுறைதான் டி.எச்.சி.பி. (Dynamic Host Configuration Protocol). இதற்கு 'இயங்குநிலைப் புரவலர் உள்ளமைவு நெறிமுறை' என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஹோஸ்ட் என்ற சொல்லைப் பார்த்துப் 'புரவலர்' என்று போட்டிருக்கிறார்கள். இங்கே ஹோஸ்ட் என்பது போன், மடிக்கணினி, பிரின்டர் போல வந்து சேர்ந்து முகவரி கேட்டு வாங்கிக்கொள்ளும் கருவி. புரவலர் என்றால் கொடுப்பவர். வாங்குகிறவருக்கு அந்தப் பெயரைச் சூட்டினால், தமிழ் நன்றாகத் தெரிந்தவர்தான் அதிகம் குழம்புவார்.

டி.எச்.சி.பி. செய்கிற வேலையைச் சொன்னால் போதும்: 'தானியங்கு முகவரி வழங்கல்'. 'முகவரி ஒதுக்கீடு' வேண்டாம் என்பேன். ஒதுக்கீடு என்றதும் இன்னாருக்கென்று முன்பே எடுத்துவைத்தது என்றுதான் நம் காதில் விழுகிறது. அப்படி ஒரு வசதியும் இதில் தனியாக உண்டு. பிரின்டரின் மேக் எண்ணை, அதாவது அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்ணை, ரவுட்டரில் பதிந்துவிட்டால் 192.168.1.50 எப்போதும் அதற்கே கிடைக்கும். ஒதுக்கீடு என்ற சொல் அதற்கு இருக்கட்டும்.

அப்புறம், 'லீஸ்'. கருவிக்கு முகவரியை ஒரு கெடு வரை கொடுப்பதை ஆங்கிலத்தில் அப்படிச் சொல்கிறார்கள். இதைப் பற்றித்தான் முக்கியமாக எழுத நினைத்தேன்.

காவேரிப்பட்டணம் பக்கம் என் சித்தப்பாவுக்கு மாந்தோப்பு இருக்கிறது, பெரும்பாலும் பெங்களூரா மரங்கள். போன மாதம் அவர் வீட்டில் பிரின்ட் எடுக்க முடியவில்லை என்று கூப்பிட்டார். பின்கட்டுக்கு வைஃபை எட்டவில்லை என்று பழைய ரவுட்டர் ஒன்றையும் செருகியிருந்தார்கள். இரண்டுமே முகவரி கொடுத்துக்கொண்டிருந்தன. போனில் 192.168.0 என்று தொடங்கும் முகவரி, பிரின்டரில் 192.168.1 என்று. ஒன்றின் கண்ணுக்கு மற்றது தெரியவில்லை. பழைய ரவுட்டரில் வழங்கலை நிறுத்திவிட்டு, கேபிளை அதன் லேன் துளைக்கு (வீட்டுக் கருவிகளைச் செருகும் துளை) மாற்றினேன். சரியாகிவிட்டது.

முதல் ரவுட்டரின் திரையில் வழங்கும் முகவரிகளின் கடைசி எண்ணுக்கு 100 முதல் 199 வரை என்று வரம்பு போட்டுக்கொண்டிருந்தபோது, கீழே இருந்த 'லீஸ் டைம்' 24 மணி நேரம் என்பதைச் சித்தப்பா பார்த்தார். "லீஸுன்னா குத்தகைதானே? இதுல என்னப்பா குத்தகை?" என்றார். எண் ரவுட்டருடையது, கருவி கெடு வரை வைத்துக்கொள்ளலாம், நீட்டிக் கேட்கவில்லை என்றால் வேறு கருவிக்குப் போய்விடும் என்றேன். "தோப்புக் கணக்குதான். மரம் நம்மது, காய்ப்பு வியாபாரியோடது, கெடு முடிஞ்சா தோப்பு நம்ம கைக்கு வந்துரும்" என்றார். நான் வேறு எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

குத்தகையில் பணம் உண்டே, இதில் இல்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பணம் இல்லாததற்கு 'இரவல்' பொருந்தும்தான், ஆனால் இரவலுக்குக் கெடு கிடையாது. இந்த நெறிமுறையின் உயிரே கெடுவில்தான் இருக்கிறது. இதற்கு முன்னோடியாக 1985இல் வந்த பூட்பி (BOOTP) என்ற நெறிமுறையில் எந்தக் கருவிக்கு எந்த முகவரி என்று முன்பே பட்டியலில் எழுதிவைக்க வேண்டும். 1993இல் டி.எச்.சி.பி. வந்த பிறகுதான் முகவரியைக் கெடுவோடு கொடுத்து, திரும்ப எடுத்து, இன்னொன்றுக்குக் கொடுக்க முடிந்தது. 'வாடகை' என்றால் வீட்டு ஞாபகம் வருகிறது, மாதாமாதம் கட்டுகிற நினைப்பும் கூடவே வந்துவிடுகிறது. ஆகவே, 'முகவரிக் குத்தகை', 'குத்தகைக் கெடு' என்கிறேன்.

தோப்போடு ஒட்டாத இடம் ஒன்று உண்டு. வியாபாரி காய்ப்பு முடிந்த பிறகே அடுத்த பேச்சுக்கு வருவார். கருவியோ பாதிக் கெடுவிலேயே வந்துவிடும். 24 மணி நேரக் குத்தகையில் 12ஆம் மணியில், கொடுத்த ரவுட்டரிடமே கேட்கும். பதில் வராவிட்டால் 21ஆம் மணியிலிருந்து, வழங்குகிற யாராக இருந்தாலும் சரி என்று பொதுவில் கேட்கத் தொடங்கும். இப்படிக் கேட்பதற்குப் 'புதுப்பித்தல்' என்ற சொல்லை வைத்தால், மென்பொருள் புதுப்பிப்போடு கலந்துவிடும். 'குத்தகை நீட்டிப்பு' எனக்குச் சரியாகப் படுகிறது. இதைவிடச் சின்னதாக உங்கள் ஊரில் ஏதாவது சொல் புழங்கினால் எழுதுங்கள்.