கீரிப்பாறை மலையில ஒரு ராத்திரி

குளிர்ல கூடாரம் போட்டுத் தங்கின அனுபவம்னா இங்க எல்லாரும் மூணாறு, வட்டவடைன்னே எழுதுறீங்க. நம்ம குமரி மாவட்டத்துலயும் மலையும் குளிரும் உண்டுன்னு சொல்ல ஆள் இல்ல. அதனால இதை எழுதுறேன்.

பொங்கலுக்கு முந்தின வாரம். நாகர்கோவில்ல இருந்து பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம் வழியா ஜீப்ல கீரிப்பாறை ஏறினோம். காளிகேசம் ஆத்துப் பக்கம் ராத்திரி தங்க வழி கிடையாது, அது காடு. மச்சானுக்குத் தெரிஞ்ச ஒருத்தரோட கிராம்புத் தோட்டம் மேல இருக்கு. அங்கதான் முன்கூட்டியே கேட்டு வச்சிருந்தோம்.

அப்போ கிராம்பு பறிப்பு நடந்துட்டு இருந்துச்சு. களத்துல பாய் விரிச்சு கிராம்புப் பூ மொட்டுகளைக் காயப் போட்டிருந்தாங்க. அன்னைக்குப் பறிச்சது பச்சையும் இளஞ்சிவப்புமா இருக்கு, பக்கத்துப் பாய்ல நாலு நாள் வெயில் கண்டது கருஞ்சிவப்பா சுருங்கிக் கிடக்கு. மொட்டு விரிஞ்சுட்டா விலை போகாதாம். 2021ல புவிசார் குறியீடு வாங்கின கன்னியாகுமரி கிராம்பு இதுதான். போர்வைல ஏறின வாசனை ரெண்டு தடவை துவைச்சும் போகல.

கூடாரம் அடிச்சு முடிக்கும்போது தோட்டத்துக் காவல் பாட்டா (எங்க ஊர்ல தாத்தாவை அப்படித்தான் சொல்வோம்) வந்தார். "பாட்டுப் பெட்டி ஒண்ணும் வைக்கண்டாம் மக்களே. விடியகாலம் கீழ ரப்பருக்குப் பால் வெட்ட ஆளு வரும். ஆனை வாற சத்தம் அவியளுக்குக் கேக்கணும்"னார். சருகுப் பக்கம் தீ மூட்டக் கூடாதுன்னும் சொன்னார். ரப்பர் இலை உதிர்ற காலம், ஒரு பொறி போதும். மரச்சீனிக் கிழங்கையும் (மரவள்ளி) மீன் கறியையும் களத்து அடுப்புலயே சூடு பண்ணிச் சாப்பிட்டோம்.

பனி நல்லா இறங்கிடுச்சு, ரெண்டு போர்வை போர்த்தியும் பாதம் சில்லுன்னே இருந்தது. விடியறதுக்கு ரொம்ப முன்னாடி முழிப்பு வந்து வெளிய வந்தேன். கீழ சரிவு முழுக்க வெளிச்சப் புள்ளிகள். நெத்தியில விளக்கு கட்டிட்டு பால் வெட்டுறவங்க. ஒரு மரத்துல கொஞ்ச நேரம், அப்புறம் அடுத்த மரம்னு நகர்ந்துட்டே இருந்தாங்க. நாம ஆசைப்பட்டு வர்ற இந்தக் குளிர்தான் அவங்களுக்கு வேலை நேரம். வெயில் ஏறினா பால் ஓட்டம் குறைஞ்சிடும்.

திடீர்னு ஒரு மூலையில "கூ"ன்னு குரல். அத்தனை விளக்கும் நின்னுடுச்சு. வலது பக்கம் ஓடைச் சரிவுல மூங்கில் ஒடியுற சத்தம் எனக்கும் கேட்டுச்சு, படக், படக்னு. மறுபடி ஒரு குரல். உடனே விளக்குகள் ஒண்ணு பின்னால ஒண்ணா ரோட்டுப் பக்கம் இறங்க ஆரம்பிச்சது. யாரும் ஓடல. பாட்டா என் தோளைப் புடிச்சு உட்கார வச்சார். யானையை நாங்க கண்ணால பாக்கல. அது ஓடையைத் தாண்டிப் போறது மட்டும் காதுல விழுந்தது.

வெளிச்சம் வந்தப்புறம் கீழ இறங்கினோம். ஒரு அக்கா கட்டன் சாயா குடிச்சிட்டு நின்னாங்க. பாதி மரம் வெட்டாமலே கிடக்கு. சிரட்டையைக் காட்டி, முந்தின வெட்டுல காஞ்ச ஒட்டுப்பாலை உரிச்சுட்டு, பட்டையை மெல்லிசாச் சீவி, பால் அந்தச் சீவின சாலு வழியா சிரட்டையில இறங்குறதை எங்களுக்காக ஒரு மரத்துல செஞ்சு காட்டினாங்க. 2023 ஜூன்ல அரிக்கொம்பன்ங்கிற காட்டு யானையைப் புடிச்சு மேல் கோதையாறு பக்கம் கொண்டு விட்டப்போ பயந்தீங்களான்னு கேட்டேன். "அதுக்கு முன்னாலயும் இங்க ஆனை உண்டு தம்பி. காது கேட்டா போதும், தப்பிச்சுக்கலாம்"னாங்க.

அதான் சொல்றேன், அந்தப் பக்கம் போறவங்க தயவுசெஞ்சு ராத்திரி ஸ்பீக்கர் வைக்காதீங்க. ஜீப் ஹெட்லைட்டைச் சரிவுப் பக்கம் அடிக்காதீங்க. வண்டியை ரோட்டை அடைச்சு நிறுத்தாதீங்க, அவங்க இறங்கி வர அது ஒண்ணுதான் வழி.

மறுநாள் சுருளகோடு, குலசேகரம் வழியா பேச்சிப்பாறை போய் அணையைப் பாத்துட்டுத் திரும்பினோம். அணைக்கு அந்தப் பக்கம் தோட்டமலைக்குப் படகுலதான் போகணும். அங்க காணி பழங்குடி மக்கள் வீட்டுல அனுமதியோட தங்கினவங்க யாராவது இருந்தா எழுதுங்க.