டி ஆன்ஸாவிலிருந்து பெர்க்லி: டிரான்ஸ்ஃபர் ஆனவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

கம்யூனிட்டி காலேஜ் என்று சொன்னதும் நம் ஆட்களின் முகம் மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அப்பாவுக்கு இங்கே கலிஃபோர்னியாவில் வேலை கிடைத்து நாங்கள் கோவையிலிருந்து வந்தபோது நான் பதினொன்றாம் வகுப்பு, வந்த வேகத்தில் நல்ல யூனிவர்சிட்டிக்கு நேரடியாக விண்ணப்பிக்கும் அளவுக்கு எதுவும் செய்ய முடியவில்லை, அதனால் கூப்பர்டினோவில் டி ஆன்ஸா. ஊரில் தாத்தாவுக்கு அப்பா போனில் விளக்கியது: “பாலிடெக்னிக் முடிச்சிட்டு லேட்டரல் என்ட்ரில இன்ஜினியரிங் சேருவாங்கல்ல, அது மாதிரி.” அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்கவில்லை. உண்மையும் கிட்டத்தட்ட அதுதான். கலிஃபோர்னியாவில் 1960-இல் போட்ட உயர்கல்வித் திட்டத்திலேயே இந்த வழி இருக்கிறது. முதல் இரண்டு வருடம் கம்யூனிட்டி காலேஜ், மூன்றாம் வருடம் யூசி, அதாவது பெர்க்லி மாதிரி பல வளாகங்கள் உள்ள யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா. யாரோ இரக்கப்பட்டுத் திறந்துவிட்ட பின்வாசல் இல்லை.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: விண்ணப்பம் போடுகிற நவம்பரில் தீர்மானமாவது குறைவு, முதல் குவார்ட்டரில் (டி ஆன்ஸாவின் பருவம்) எந்தப் பாடம் எடுக்கிறீர்கள் என்பதில் பாதி முடிந்துவிடுகிறது. அசிஸ்ட் என்கிற இணையதளத்தில் உங்கள் காலேஜ், போக நினைக்கும் யூசி, மேஜர் (முதன்மைப் பாடம்) மூன்றையும் கொடுத்தால் எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்று அப்படியே பட்டியல் வரும். பெர்க்லியில் மேத் 54 ஒரே பாடம், லீனியர் அல்ஜீப்ராவும் டிஃபரன்ஷியல் ஈக்வேஷனும் அதிலேயே வந்துவிடும். டி ஆன்ஸாவில் அது 2ஏ, 2பி என்று இரண்டு. ஒன்றை மட்டும் முடித்தால் 54 முடிந்ததாகக் கணக்கு வராது. என்னோடு படித்த ஒருத்தன் மூன்று யூசி-க்கும் மூன்று பட்டியலைப் பிரின்ட் எடுத்து, பொதுவாக இருக்கிற பாடத்தை எல்லாம் மஞ்சள் மார்க்கரில் அடித்து ஃபைலில் வைத்திருந்தான். கவுன்சலரிடம் போனால் அந்தத் தாளைத்தான் முதலில் நீட்டுவான். அவரும் தலையாட்டிவிட்டு நேரே விஷயத்துக்கு வந்துவிடுவார்.

செலவு எல்லாருக்கும் தெரிந்ததுதான். டி ஆன்ஸாவில் குவார்ட்டர் யூனிட் (பாடங்களை எண்ணும் அளவு) ஒன்றுக்கு 31 டாலர், யூசி-யில் கலிஃபோர்னியாக்காரருக்கே வருடத்துக்கு 14,000 டாலருக்கு மேல், வாடகை தனி.

விண்ணப்பத்தில் எழுதும் கட்டுரைக்கு வருகிறேன். டிரான்ஸ்ஃபர் ஆட்களுக்கு நான்கு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 350 சொல்லுக்கு மேல் போகக்கூடாது. ஒரு கேள்வி கட்டாயம்: எடுக்கப்போகும் மேஜருக்கு எப்படித் தயாராகியிருக்கிறீர்கள் என்பது. குடும்பக் கஷ்டத்தை உருகி உருகி எழுத அது இடமில்லை. எடுத்த பாடம், செய்த வேலை, அதனால் என்ன தெரிந்துகொண்டீர்கள், அவ்வளவு போதும். டியூட்டரிங் சென்டரில் கால்குலஸ் சொல்லிக்கொடுத்ததை நான் எழுதினேன்.

இனி யாரும் முன்கூட்டிச் சொல்லாத பகுதி. இடம் கிடைத்துவிட்டது, வீட்டில் கேசரி எல்லாம் ஆயிற்று, ஆகஸ்டில் போய் உட்கார்ந்தால் முதல் செமஸ்டரிலேயே மேத் 104, ரியல் அனாலிசிஸ். டி ஆன்ஸாவில் கால்குலஸில் விடை வந்தால் மார்க் வரும். இங்கே விடையே கேள்வியில் கொடுத்திருப்பார்கள், ஏன் என்று நிரூபிக்க வேண்டும். நான் எழுதியிருந்த “தெளிவாகத் தெரிவதால்” என்ற வரியின் கீழ் கோடு போட்டு, திருத்தியவர் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி வைத்திருந்தார், வேறு ஒன்றும் எழுதவில்லை. எனக்குத் தெளிவாகத் தெரிந்தது அவருக்குத் தெரியவில்லை போல! அன்றிலிருந்து ஆபீஸ் ஹவர்ஸில் (வகுப்புக்கு வெளியே சந்தேகம் கேட்கும் நேரம்) முன்வரிசை. பக்கத்தில் இருந்தவர்கள் முதல் வருடமே பெர்க்லிக்கு வந்தவர்கள், அவர்களும் அதே கேள்விக்குறியோடுதான் நின்றார்கள் என்பது கொஞ்சம் ஆறுதல்.

இன்னொன்று, பழைய ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) உங்களோடு வராது. யூனிட் வரும், யூசி ஜிபிஏ-வைப் பூஜ்யத்திலிருந்து தொடங்குவார்கள். செப்டம்பரில் வேலைக்கு ஆள் எடுக்கும் கம்பெனிகள் வந்து நிற்கும்போது காட்ட பெர்க்லி மார்க் ஒன்றுகூட இருக்காது. ரெஸ்யூமேயில் டி ஆன்ஸா ஜிபிஏ-வைத் தைரியமாகப் போடுங்கள், யாரும் சிரிக்கவில்லை.

ஃப்ரீமாண்ட் அம்மா:

தம்பி, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். என் மகள் இங்கே ஓலோனி கம்யூனிட்டி காலேஜில் படித்து யூசி டேவிஸ் போனாள். டேக், அதாவது டிரான்ஸ்ஃபர் இடத்துக்கு யூசி முன்கூட்டியே தரும் உத்தரவாதம், பற்றி நீங்கள் எழுதவில்லை, அதனால் நான் சொல்கிறேன். செப்டம்பர் மாதத்துக்குள் ஒரே ஒரு யூசி-க்கு டேக் போடலாம், அவர்கள் கேட்கிற மார்க்கும் பாடமும் இருந்தால் இடம் உறுதி. டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆறும்தான் தருகின்றன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான்டியாகோ தருவதில்லை. டேக் போட்டாலும் அக்டோபர், நவம்பரில் போடும் பொது விண்ணப்பத்தையும் போட்டே ஆகவேண்டும், அதில் பெர்க்லியையும் சேர்த்துக்கொள்ளலாம். அவளும் சேர்த்தாள், கிடைக்கவில்லை. இரண்டு நாள் அறைக்கதவு சாத்தியே இருந்தது. இப்போது டேவிஸை யாராவது குறை சொன்னால் சண்டைக்கு வருகிறாள்.

பிள்ளை ஹெச்4-இல் (ஹெச்1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கான விசா) இருக்கும் பெற்றோர் ஒரு விஷயம் கவனியுங்கள். பிள்ளைக்கு 21 முடிந்தால் ஹெச்4 முடிந்தது. டிரான்ஸ்ஃபர் ஆகிற வயது சரியாக அங்கே வந்து நிற்கும். எஃப்1 மாணவர் விசாவுக்கு மாற முன்கூட்டியே வக்கீலிடம் பேசுங்கள், கட்டண வகை (கலிஃபோர்னியாக்காரர் கட்டணமா, வெளியார் கட்டணமா) என்னாகும் என்று யூனிவர்சிட்டியின் ரெசிடென்சி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப் குழுவில் சொல்வதை நம்பி உட்கார வேண்டாம்.

டிவிசி (டயாப்லோ வேலி காலேஜ்) மாணவன்:

அண்ணா, ஹைஸ்கூலில் எழுதும் காலேஜ் அளவுத் தேர்வான ஏபி-யில், கால்குலஸ் பிசி-யில் 5 வாங்கியிருக்கிறேன். ஜிபிஏ ஏறட்டும் என்று முதல் கால்குலஸ் பாடத்திலிருந்து மறுபடி எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா? ஜனவரி அப்டேட் என்றால் என்ன?

முதலில் எழுதியவன்:

வேண்டாம் தம்பி. ஏபி-யில் யூனிட் வந்த பாடத்தையே மறுபடி எடுத்தால் யூனிட்டை இரண்டு முறை எண்ண மாட்டார்கள், அந்த நேரத்தில் மல்டிவேரியபிள் முடித்துவிடலாம். அடிப்படை நிஜமாகவே ஆட்டம் காண்கிறது என்றால் மட்டும் கவுன்சலரிடம் பேசிவிட்டு யோசி. ஏபி மார்க்கை அந்தத் தேர்வை நடத்தும் காலேஜ் போர்டிலிருந்து உன் காலேஜுக்கும், பிறகு சேருகிற யூசி-க்கும் தனித்தனியாக அனுப்பச் சொல்ல வேண்டும், ஒன்றுக்கு அனுப்பினால் இன்னொன்றுக்குப் போகாது.

ஜனவரி அப்டேட் என்பது இலையுதிர் காலத்து மார்க்கையும் வசந்த காலத்தில் எடுக்கப்போகிற பாடத்தையும் அதே விண்ணப்பத்தளத்தில் போய் நிரப்புவது. ஜனவரி 31-க்குள் முடித்துவிடு. அதில் போட்ட பாடத்தை அப்புறம் சத்தமில்லாமல் டிராப் செய்யாதே, ஏப்ரலில் வருகிற அட்மிஷன் நிபந்தனையோடுதான் வரும். மாற்ற வேண்டியிருந்தால் முதலில் அவர்களுக்குத் தெரிவித்துவிடு.