மைக் இல்லாத கச்சேரி: 70 பேர் ஹாலில் என்னென்ன கவனிக்க வேண்டும்?

மாடவீதி:
மயிலாப்பூரில் எங்கள் தெரு சங்கீத விழா ஒவ்வொரு மார்கழியும் ஒரு மாடி ஹாலில் நடக்கிறது. இந்த முறை 5 நாளும் மைக் வேண்டாம் என்று கமிட்டி முடிவு. வாய்ப்பாட்டு 3, புல்லாங்குழல் 1, வீணை 1. ஹால் 40 அடிக்கு 24 அடி, கூரை 10 அடி. டைல்ஸ் தரை, நீளவாக்குச் சுவர் இரண்டிலும் கண்ணாடி ஜன்னல் (ஒன்று தெருப்பக்கம்), 6 சீலிங் ஃபேன், 2 ஸ்பிளிட் ஏசி. மேடை 2 அடி உயரம், அகலவாக்குச் சுவரை ஒட்டி. பின்னால் வெல்வெட் திரை. கடைசி வரிசைக்குக் குரல் போய்ச் சேருமா? மிருதங்கம் பாட்டை அமுக்கிவிடாதா?

நாலாவது வரிசை:
முதலில் மேடையை இடம் மாற்றுங்கள். இப்போது இருக்கிற இடத்தில் கடைசி நாற்காலி பாடகரிடமிருந்து 30 அடிக்கு மேல். திறந்தவெளிக் கணக்கில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் போய்விடும். அறைக்குள் அவ்வளவு போகாது, ஆனால் சாகித்யத்தின் மெய்யெழுத்துகள்தான் முதலில் தேயும். ராகம் கேட்கும், வார்த்தை கேட்காது.

தெருப்பக்கம் இல்லாத நீளச் சுவரின் நடுவில் மேடையைப் போடுங்கள். 12 அடி அகலம், 8 அடி ஆழம் போதும். மீதி 16 அடியில் நாலு வரிசை, வரிசைக்கு 18 நாற்காலி என்றால் 72. ஓரத்து நாற்காலிகளை மட்டும் பிறை மாதிரி உள்பக்கம் வளைத்துப் போடுங்கள். முதல் இரண்டு வரிசையை ஜமக்காளத்தில் உட்கார வைத்தால் இன்னும் நல்லது, மேடையை 1 அடிக்கு இறக்கிவிடலாம்.

வெல்வெட் திரையைக் கழற்றிவிடுங்கள். போட்டோவுக்கு அழகு, குரலுக்குப் பகை. பாடகர் முதுகுக்குப் பின்னால் 8க்கு 4 பிளைவுட் பலகை இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள். பின்னால் போகிற ஒலி திரும்பி முன்னால் வரும். பலகை லேசாக இருந்தால் மிருதங்கத்துக்கு அதிரும், 12 மில்லிமீட்டராவது வேண்டும். நன்றாக முட்டுக் கொடுத்துக் கட்டுங்கள்.

அடுத்தது எதிரொலி. காலி ஹாலில் நடுவில் நின்று ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். 'ட்ர்ர்' என்று வால் நீண்டால் அது எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி பந்தாடுவது. இரண்டு சுவரையும் மூட வேண்டியதில்லை, தெருப்பக்கம் மட்டும் கனமான திரை போட்டால் அறுந்துவிடும். தரை முழுக்கக் கம்பளம், சுவர் முழுக்கத் திரை என்று போய்விடாதீர்கள். செத்துப்போன ஹாலில் பாடகருக்குத் தன் குரல் காதில் விழாது. அழுத்திப் பாடி அரை மணியில் தொண்டை கட்டும். 70 பேர் உட்கார்ந்தாலே பாதி எதிரொலி அடங்கிவிடும்.

ஃபேன் ஆறும் நிற்க வேண்டும், பேச்சே இல்லை. மாலை 5 மணியிலிருந்து ஏசி ஓடட்டும், ஜன்னல் மூடியிருக்கட்டும், பாட்டு ஆரம்பிக்கும்போது ஏசியை நிறுத்துங்கள். தனி ஆவர்த்தனத்தின்போது (பாட்டு நின்று தாள வாத்தியம் மட்டும் ஒலிக்கும் பகுதி) திரும்பப் போடலாம், அந்தச் சத்தத்தில் யாருக்கும் தெரியாது.

கதவுக் கீல்களுக்கு எண்ணெய், கேன்டீனில் கச்சேரி நடக்கும் 6 முதல் 8 வரை பாத்திரம் உருட்டக் கூடாது. மைக் இருக்கும்போது மறைந்திருந்ததெல்லாம் இப்போது கேட்கும். பக்கத்துக் கோயிலில் மாலை ஒலிபெருக்கி எந்த நேரம் என்று கேட்டு வைத்துக்கொண்டு நேரம் குறியுங்கள்.

தொப்பி ரவை:
எல்லாம் சரி, தனியின்போது ஏசி மட்டும் வேண்டாம் ஐயா! குளிர்ந்த உலர்காற்று மேடைமேல் விழுந்தால் தோல் இறுகி மிருதங்கத்தின் வலந்தலை (வலக்கைப் பக்கம்) சுருதி ஏறும். தொப்பியில் (இடக்கைப் பக்கம்) அப்பிய ரவையும் காய்ந்து உதிரும். மிருதங்கக்காரர் சுருதி சேர்க்கக் கல்லும் கட்டையுமாகத் தட்டிக்கொண்டே தனி வாசிக்க வேண்டியிருக்கும். மேடைக்கு எதிர்க்கோடியில் உள்ள ஏசியை மட்டும், அதுவும் தனி முடிந்து துக்கடா (கடைசியில் வரும் சின்னப் பாட்டுகள்) தொடங்கும் முன் ஐந்து நிமிடம் போடுங்கள். வாத்தியங்கள் ஹாலின் குளிருக்குப் பழக ஆரம்பத்துக்கு அரை மணி முன்னாலேயே மேடைக்கு வந்துவிட வேண்டும். மழை பெய்த நாளென்றால் நேர்மாறு, சுருதி இறங்கும்.

மிருதங்கம் அமுக்குமா என்ற கேள்விக்கு: வழக்கப்படி பாடகரின் வலப்பக்கம் உட்கார்ந்தால் வலந்தலை நேராகச் சபையைப் பார்க்கும். வாத்தியத்தைச் சற்றே திருப்பி, வலந்தலை பாடகருக்கு முன்பக்கத்தைப் பார்க்கிற மாதிரி வைத்தால் சாப்பு என்ற அடியின் கூர்மை குறையும். பாடகரைவிட அரையடி பின்தள்ளி உட்காருவதும் உதவும். மேடை உள்ளே பொள்ளலாக இருந்தால் தொப்பி 'கும்'மென்று வீங்கும். வாசிப்பவருக்குக் கீழே இரண்டு மடிப்பு ஜமக்காளம்.

கலைஞரை அழைக்கும்போதே மைக் இல்லை என்று சொல்லிவிடுங்கள், சுருதியையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு கட்டையில் (கட்டை என்பது சுருதியின் அளவு, எண் கூடினால் சுருதி உயரும்) பாடும் ஆண் குரல் மந்தர ஸ்தாயியில், அதாவது கீழ் ஸ்தாயியில் இறங்கினால் மூன்றாவது வரிசைக்கே மங்கும். நாலரை, ஐந்து கட்டைப் பெண் குரல்கள் சுலபமாக எட்டும். மைக் வருவதற்கு முன் நாடக மேடைப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா மாதிரி உச்ச சுருதிக் குரல்கள் கொடிகட்டிப் பறந்ததற்கு இதுவும் ஒரு காரணம். உபபக்கவாத்தியம் (மிருதங்கத்தோடு இன்னொரு தாள வாத்தியம்) வேண்டுமென்றால் கடம் சரி. வாயில் வைத்து மீட்டும் மோர்சிங்கைக் கூப்பிட்டு அவமதிக்காதீர்கள், மைக் இல்லாமல் அது முதல் வரிசையைத் தாண்டாது.

பழைய ஆம்ப்ளி:
வீணை நாளில் பிடிவாதம் வேண்டாம். மைக் இல்லாத வீணை 30 பேருக்கு மேல் எடுபடாது. மீட்டு மட்டும் கேட்கும், ஸ்வரத்தை அசைக்கும் கமகத்தின் இழுப்பு மிருதங்கத்துக்குள் காணாமல் போகும். குடத்துக்கு முக்கால் அடி தள்ளி ஒரே ஒரு மைக், ஒரு சின்ன ஸ்பீக்கர். மிருதங்கத்துக்கு மைக் கூடாது. ஸ்பீக்கர் மைக்குக்கு முன்னால், சபையைப் பார்த்து இருக்கட்டும். மைக்குக்குப் பின்னால் போனால் ஊளையிடும். கடைசி வரிசையில் நிற்பவருக்கு ஸ்பீக்கர் ஓடுகிறது என்றே தெரியக் கூடாது, அதுதான் அளவு.

மாடவீதி:
மூவருக்கும் நன்றி! வீணைக்கு மைக் வைத்துவிடுகிறோம். தம்புராவுக்கு எலக்ட்ரானிக் பெட்டி போதுமா?

நாலாவது வரிசை:
பெட்டி பாடகருக்குப் பின்னால், பலகையை ஒட்டி இருக்கட்டும். பக்கவாத்தியக்காரர்களுக்குக் கேட்கிற அளவு போதும். முடிந்தால் நிஜத் தம்புரா ஒன்று வையுங்கள், மைக் இல்லாத ஹாலில்தான் அதன் ஜீவன் தெரியும். மீட்டுபவரைப் பாடகருக்கு நேர் பின்னால் உட்கார வைக்காமல் ஒரு பக்கமாக வையுங்கள், இல்லாவிட்டால் தம்புராவின் குடம் பலகையின் வழியை மறைக்கும். தம்புராத் தந்திக்கு அடியில் செருகும் ஜீவாளி நூல் உபரியாக நாலு கையில் இருக்கட்டும். சுருதி சேர்த்து 20 நிமிடம் கழித்து இன்னொரு தடவை சரிபார்க்கச் சொல்லுங்கள், புதுத் தந்தி என்றால் கட்டாயம் இறங்கியிருக்கும்.

தொப்பி ரவை:
தொப்பிக்கு ரவை பிசைய வெதுவெதுப்பான தண்ணீரும் ஒரு சின்னக் கிண்ணமும் மேடைக்குப் பின்னால் வைத்துவிடுங்கள். கேன்டீனுக்கு ஓடிப்போய்க் கேட்டால் காபிக்கு வைத்த கொதிநீர்தான் வரும்.