இன்ஜின் வேலை பாத்த பத்து வீல் வண்டி, நீலப் புகை வருது. அட்வான்ஸ் குடுத்துட்டேன், எடுக்கலாமா?

சங்ககிரி பையன்:
எல்லாருக்கும் வணக்கங்க. 7 வருஷமா அடுத்தவங்க வண்டிதான் ஓட்டிட்டு இருக்கேன், இப்பதான் சொந்தமா ஒண்ணு எடுக்கலாம்னு இறங்கியிருக்கேன். 2013 மாடல், பத்து வீல், 6 சிலிண்டர், டர்போ (இன்ஜினுக்குக் காத்த அழுத்தி அனுப்பறது), இன்டர்கூலர் (அந்தக் காத்த ஆத்தறது), பிஎஸ்3 புகை விதி வண்டி, டீசல் பம்ப் பழைய டைப்தான் சென்சார் தொல்லை எதுவும் இல்ல. 9 லட்சத்து 40 ஆயிரம் சொல்றாங்க. இன்ஜின் ஃபுல்லா வேலை பாத்து 2000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்குன்னு சொன்னாரு, லைனர் பிஸ்டன் ரிங் பேரிங் எல்லாம் புதுசாம். பில்லு கேட்டா வொர்க்‌ஷாப்ல இருக்கு தர்றேங்கறாரு.

காலைல ஸ்டார்ட் பண்ணா வெள்ளையா புகை வருது கண்ணு எரியுது, ரெண்டு மூணு நிமிஷத்துல குறைஞ்சிருது. ஆனா ஒரு பத்து நிமிஷம் ஐடில்ல விட்டுட்டு ஆக்ஸிலேட்டர் குடுத்தா பின்னாடி நீலமா ஒரு மூட்டம் கிளம்புது பாருங்க, பக்கத்துல நின்னவங்க மூக்கப் பொத்திக்கிட்டாங்க. ரிங் செட் ஆகற வரைக்கும் அப்படித்தான், ரெண்டு லோடு அடிச்சா நின்னுரும்ங்கறாரு. டர்போல இருந்து இன்டர்கூலர் போற ஹோஸ்ல கைய வச்சா ஆயில் ஒட்டுது. 25 ஆயிரம் அட்வான்ஸ் குடுத்துட்டேன், வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள மீதி குடுக்கணும். அம்மா நகை பேங்க்ல இருக்குங்க, தூக்கமே வரல. டர்போ மட்டும் மாத்துனா சரியாகுமா இல்ல இன்ஜினே போச்சா?

ஏர்காட்டி:
இன்ஜின் வேலை பாத்த எல்லா வண்டியும் கொஞ்ச நாள் புகையடிக்கும் ப்ரோ. எங்க வண்டி 5000 கிலோமீட்டர் வரைக்கும் அடிச்சுது, அப்புறம் நின்னுருச்சு. விலை நல்ல விலை, விடாதீங்க.

நாமக்கல் மெக்கானிக்:
மேல சொன்ன தம்பிக்கு, உங்க வண்டிக்கு நின்னுருக்கலாம், ஆனா அத நம்பி இன்னொருத்தர 9 லட்சம் போடச் சொல்லாதீங்க. ரிங் செட் ஆகறதுங்கறது கிலோமீட்டர் ஓட ஓட தானா நடக்கற விஷயம் இல்ல. லைனர்ல, அதாவது பிஸ்டன் ஓடற குழாய்ல, ஹோனிங் கோடு குறுக்கும் நெடுக்குமா கீறிப் போட்டிருக்கும், ரிங் அதுமேல அழுத்தி தேஞ்சு உக்காரணும், அந்த அழுத்தத்த குடுக்கறதே லோடுல எரியற வாயுவோட பிரஷர்தான். முதல் சில நூறு கிலோமீட்டர்லயே லோடு வச்சு ஓட்டியிருக்கணும். வேலை முடிச்சு ஷெட்ல ஐடில்ல போட்டு விட்டாங்க, காலி வண்டியா ஊருக்குள்ள சுத்துனாங்கன்னா அந்தக் கோட்டுக்கு மேல ஆயில் கருகிப் படிஞ்சு லைனர் கண்ணாடி மாதிரி ஆயிரும், அப்புறம் எத்தன லோடு அடிச்சாலும் ரிங் உக்காராது. திரும்ப இறக்கி ஹோனிங் போட்டு ரிங் மாத்தறதுதான் வழி. அதனால அந்த 2000 கிலோமீட்டர் லோடோட ஓடுச்சா காலியா ஓடுச்சான்னு முதல்ல கேளுங்க.

காலைல வர்ற கண்ணெரியற வெள்ளப் புகை எரியாத டீசல். டீசல் தெளிக்கற நாசில் ஒழுகலாம், இல்ல பம்ப் டைமிங் தள்ளியிருக்கலாம். அதுதான்னா பம்ப் கடை வேலை, அதுக்குப் பயப்பட வேண்டாம். ரேடியேட்டர் தண்ணி மட்டும் குறையுதான்னு பாத்துக்கங்க, குறைஞ்சா ஹெட் கேஸ்கெட் போயி தண்ணி உள்ள இறங்கற கதை. ஐடில்ல நின்னுட்டு ரைஸ் பண்ணும்போது வர்ற நீலந்தான் கவலை. அது டர்போவாவும் இருக்கலாம், வால்வ் சீலாவும் இருக்கலாம், ரிங்காவும் இருக்கலாம்.

டர்போ மாத்தறதுக்கு முன்னாடி பேக் கம்ப்ரெஷன், அதாவது ரிங்க தாண்டி கீழ இறங்கற காத்து, இருக்கான்னு பாருங்க. வண்டி நல்லா சூடானதும் ஐடில்ல வச்சு ஆயில் ஊத்தற மூடிய கழட்டி, அதே ஓட்டை மேல தலைகீழா சும்மா வைங்க. லேசா ஆடுனா பரவால்ல, துள்ளி விழுந்தா கீழ இருந்து காத்து தள்ளுது. இன்ஜின் உள்காத்து வெளிய போற பிரீதர் பைப்ல கைய வச்சும் பாருங்க. ஏன் இத முதல்ல சொல்றேன்னா, டர்போவுக்கு ஆயில் பிரஷர்ல போகுது ஆனா திரும்பி வர்றது சும்மா வழிஞ்சு தான் வரும். சம்புக்குள்ள, அடில ஆயில் நிக்கற தொட்டில, காத்து அழுத்தம் இருந்தா அந்த ரிட்டர்ன் இறங்காது, டர்போக்குள்ளயே தேங்கி சீல தாண்டி இன்டேக்லயும் சைலன்சர்லயும் ஏறும். அந்த நிலைமைல புது டர்போ போட்டாலும் ஒரே வாரத்துல அதுவும் ஆயில் தள்ளும், ஜனங்க டர்போ கடைக்காரன திட்டிட்டு இருப்பாங்க.

அது சரியா இருந்தா டர்போ ஹோஸ கழட்டி வீல விரல்ல ஆட்டிப் பாருங்க. மேல கீழ துளி ஆட்டம் இருக்கும், அது ஆயில் இல்லாதப்ப வர்றது. முன்ன பின்ன இழுத்தா ஆடவே கூடாது, பிளேடு ஓரம் ஹவுசிங்ல உரசுன தடம் இருக்கக் கூடாது. ரிட்டர்ன் பைப்ப கழட்டி உள்ள அடைப்பு இருக்கான்னு பாருங்க, ஏர் ஃபில்டரும் பாருங்க, அடைச்சுக் கெடந்தா ஐடில்லயே டர்போ ஆயில உறிஞ்சும்.

இன்னொண்ணு, நீங்க போகும்போது இன்ஜின் ஆறிப் போயிருக்கணும். போனதும் பானட்டத் தொட்டுப் பாருங்க, சூடா இருந்தா காலைப் புகைய முன்னாடியே ஊதி முடிச்சிட்டாங்கன்னு அர்த்தம்.

கயத்தாறு:
தம்பி, நான் தூத்துக்குடி ஹார்பர் லோடு அடிக்கிற ஆளு. மெக்கானிக் அண்ணன் சொன்னதுல நான் சொந்தமா அனுபவிச்சது ஒண்ணு இருக்கு, அதச் சொல்லிடுதேன். 2018ல இதே மாதிரி வேலை பாத்த வண்டி ஒண்ணு எடுத்தேன், இதே நீலப் புகை, இதே ரிங் செட் ஆகும் கதை. ரெண்டு மாசத்துல டர்போ மாத்துனேன் புகை நிக்கல, திரும்ப இன்னொண்ணு மாத்துனேன் நிக்கல, பழைய டர்போ தள்ளுன ஆயில் பூரா இன்டர்கூலர்ல தேங்கிக் கெடந்திருக்கு, அத யாருமே கழட்டி அலசல. ஒரு நா ராத்திரி கயத்தாறு தாண்டி ஏத்தத்துல மிதிச்சேன், இன்ஜின் திடீர்னு தானா ரைஸ் ஆயி அலற ஆரம்பிச்சிட்டு. சாவிய அணைச்சாலும் நிக்கல, ஏன்னா அது டீசல்ல ஓடல, இன்டேக் வழியா வர்ற ஆயில்ல ஓடுது. நல்லவேள எனக்குப் பழைய டிரைவர் ஒருத்தர் சொல்லிக் குடுத்தது ஞாபகம் வந்துது, டாப் கியரப் போட்டு பிரேக்க முழுசா மிதிச்சு கிளட்ச்ச விட்டேன், உதறிட்டு அணைஞ்சிட்டு. கை நடுக்கம் நிக்க அர மணி நேரம் ஆச்சு. கிளீனர் பையனுக்கு 19 வயசு, அவன் முகத்த இன்னும் மறக்கல.

அதனால ஹோஸ்ல ஆயில் ஒட்டுதுன்னு நீ எழுதுனத லேசா எடுத்துக்காத. வண்டிய எடுத்தா முத வேலையா இன்டர்கூலர இறக்கி கழுவிரு.

ஆர்டிஓ வாசல்:
எல்லாரும் இன்ஜினே பேசறீங்க, பேப்பரும் பாருங்க. பிளாக்ல அடிச்சிருக்கற இன்ஜின் நம்பரும் ஆர்சி நம்பரும் ஒண்ணான்னு பாக்கணும், ஃபுல் வேலைங்கறாங்க, பிளாக்கையே மாத்தியிருந்தா எஃப்சில, ஃபிட்னஸ் சோதனைல, மாட்டுவீங்க. 8 வருஷம் தாண்டுன வண்டி, எஃப்சி வருஷா வருஷம். மல்டி ஆக்சிலுக்கு (ரெண்டு ஆக்சிலுக்கு மேல இருக்கற வண்டி, உங்க பத்து வீலும் அதான்) நேஷனல் பர்மிட் 15 வருஷம் வரைக்குந்தான், 2013 மாடல்னா 2028ல முடியுது, அதக் கணக்குல வச்சு விலை பேசுங்க. ஃபைனான்ஸ் இருந்தா கடன் பதிவ நீக்கற படிவம் 35 கையெழுத்தோட வேணும், வெறும் என்ஓசி ஜெராக்ஸ நம்பி ஓனர் பேர் மாத்தற படிவம் 29, 30ல கையெழுத்து போட்டுட்டு நிக்காதீங்க. இ-சலான் பாக்கி எவ்ளோன்னும் பாத்துருங்க.

சங்ககிரி பையன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. கயத்தாறு அண்ணா நீங்க எழுதுனத படிச்சிட்டு அப்பாகிட்ட படிச்சுக் காட்டுனேன், அவரும் ஒண்ணும் பேசல.

நேத்து போனேன். ஆயில் மூடி துள்ளல ஆனா நல்லா ஆடுச்சு, பிரீதர்ல ஆவி மாதிரி வருது. டர்போ வீல் முன்ன பின்ன ஆடல. ரிட்டர்ன் பைப்ப கழட்டுனோம், ஃப்ளாஞ்ச்ல (பைப் சேர்ற இடத்துல) கேஸ்கெட் பேஸ்ட் அள்ளிப் பூசியிருக்காங்க, அது உள்ள பிதுங்கி பாதி ஓட்டைய அடைச்சிருக்கு! சுத்தம் பண்ணி மாட்டி ஐடில்ல விட்டு ரைஸ் பண்ணா புகை பாதிக்கு மேல குறைஞ்சிருச்சு. ஓனரு இப்பப் பாத்தியா சின்ன வேலைதான்னாரு. எனக்கும் சந்தோஷமாயிருச்சு. ஆர்சி நம்பர் ஒண்ணாத்தான் இருக்கு. 2000 கிலோமீட்டர் எப்படி ஓடுச்சுன்னு கேட்டதுக்கு லோக்கல்லதான் ஓடுச்சுன்னாரு. எடுத்துரலாங்களா?

நாமக்கல் மெக்கானிக்:
அவசரப்படாதீங்க தம்பி. வெளிய தெரியற ஃப்ளாஞ்ச்லயே அவ்ளோ பேஸ்ட் பிதுங்கியிருக்குன்னா சம்ப் கேஸ்கெட்ல எவ்ளோ போட்டிருப்பாங்க? உள்ள பிதுங்குனது பிஞ்சு விழுந்து ஆயில் பம்ப் வலையில போய் ஒட்டும், ஆயில் பிரஷர் குறையும், முதல்ல பட்டினி கெடக்கறது டர்போ, அடுத்து பேரிங். ஓனர் சம்மதிச்சா சம்ப இறக்கிப் பாருங்க, ஒரு கேஸ்கெட்டும் அர நாள் வேலையும்தான். ஒரு லோடும் வச்சுப் பாருங்க, கிளம்பும்போது ஆயில் குச்சில அளவு பாத்துக்கிட்டு போங்க. தொப்பூர் ஏறட்டும், அங்க தெரிஞ்சிரும்.

சங்ககிரி பையன்:
சம்ப இறக்க ஓனர் ஒத்துக்கல, லோடுக்கு ஒத்துக்கிட்டாரு. 16 டன் சிமெண்ட், தருமபுரிக்கு, நான்தான் ஓட்டுனேன். தொப்பூர் ஏத்தத்துல மூணாவது கியர்ல கண்ணாடில பாத்தா பின்னாடி வர்ற கார்க்காரன் லைட்டப் போட்டுக்கிட்டு வர்றான், அவ்ளோ நீலம். மேல ஏறி ஓரம் கட்டி பாத்தேன், பிரீதர் பைப் ரயில் மாதிரி ஊதுது, கீழ ரோட்ல ஆயில் சொட்டுது. இறக்கிட்டு காலியா வந்து சேந்தப்போ, போக வர 200 கிலோமீட்டர் கிட்ட, ஒன்றரை லிட்டர் ஆயில் ஊத்துனாத்தான் குச்சில பழைய அளவுக்கு வந்துச்சு.

வேண்டாம்னு சொல்லிட்டேன். முதல்ல அட்வான்ஸ் தரமாட்டேன்னாரு. அப்பா வந்து பில்லு காட்டுங்க, ரிங்கு புதுசுதான்னு பில்லு இருந்தா நாங்க விட்டுக் குடுத்துட்டுப் போறோம்னாரு. பில்லு வரல. 18 ஆயிரம் திரும்பக் குடுத்தாரு.

திருச்செங்கோடு பக்கம் இன்னொண்ணு சொல்லியிருக்காங்க, 2012 மாடல், இன்ஜின் இன்னும் இறக்கவே இல்லையாம், லேசா கறுப்புப் புகை வருதாம் லோடுல மட்டும். ஏர் ஃபில்டரும் ஹோஸ் லீக்கும் பாத்துட்டு எழுதறேன். மெக்கானிக் அண்ணா, ஞாயித்துக்கிழமை உங்களால கூட வர முடியுங்களா? பஸ் ஸ்டாண்டுக்கே வண்டி கொண்டாறேன்.

நாமக்கல் மெக்கானிக்:
வர்றேன். காலைல 6 மணிக்கு முன்னாடி போயிரணும், ஸ்டார்ட் பண்ண வேண்டாம்னு முந்தின நாளே ஓனர்கிட்ட சொல்லி வைங்க.