142857: அதே ஆறு இலக்கங்கள் ஏன் சுற்றிச் சுற்றி வருகின்றன?

கேள்வி:
142857-ஐ 2-ஆல் பெருக்கினால் 285714. 3-ஆல் பெருக்கினால் 428571. 6 வரை இதே கதைதான்: வரிசை மாறுவதில்லை, தொடங்கும் இடம் மட்டும் நகர்கிறது. 7-ஆல் பெருக்கினால் திடீரென்று 999999! 'பிரபஞ்ச ரகசியம்' என்று ஃபார்வர்டு வருகிறது. அதெல்லாம் வேண்டாம், காரணம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

பதில் 1:
ரகசியமெல்லாம் ஒன்றுமில்லைங்க. 1-ஐ 7-ஆல் பேப்பரில் வகுத்துப் பாருங்கள். கால்குலேட்டர் வேண்டாம், அது மீதியைக் காட்டாது. இங்கே மீதிதான் முக்கியம்.

10-இல் 7 ஒரு தடவை, மீதி 3. 30-இல் நான்கு, மீதி 2. 20-இல் இரண்டு, மீதி 6. 60-இல் எட்டு, மீதி 4. 40-இல் ஐந்து, மீதி 5. 50-இல் ஏழு, மீதி 1. மறுபடி 1 வந்தாச்சா? இனி பழைய பாட்டுதான்: 0.142857142857...

7-ஆல் வகுத்தால் 0 தவிர ஆறே மீதிகள்தான் வர முடியும். ஆறும் ஒரே சுற்றில் வந்துவிட்டன. 2/7 போடும்போது, மீதி 2 நிற்கும் இடத்தில் அதே சுற்றுக்குள் நுழைகிறோம். அதனால்தான் 285714.

கேட்டவர்:
அருமை! அப்போ 13-க்கும் இப்படித்தானே?

பதில் 1:
இல்லை. 1/13 ஆறு மீதிகளிலேயே திரும்பிவிடும்: 076923. விடுபட்ட ஆறும் தனிச் சுற்று: 153846. 17-க்கோ பதினாறு மீதிகளும் ஒரே சுற்றில் வரும், ஆனால் 0588235294117647 என்று பூஜ்யத்தில் தொடங்கும். இப்படி ஒரே சுற்றாக வரும் பகா எண்களுக்கு முடிவே இல்லை என்று கணிதவியலாளர் எமில் ஆர்ட்டின் 1927-இல் ஊகித்தார். இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை.

பதில் 2:
142857-இன் வர்க்கம் 20408122449. வெட்டிக் கூட்டினால் 20408 + 122449 = 142857. இது தெரியுமா? தேவ்லாலி பள்ளி ஆசிரியர் கப்ரேகரின் பெயரில் இத்தகைய எண்களைக் 'கப்ரேகர் எண்கள்' என்பார்கள்.

கேட்டவர்:
சூப்பர். 7-க்கு மேலே போனால் சுற்று உடைந்துவிடுமா? 8-க்கு 1142856 வருகிறதே.

பதில் 1:
உடையாது, மறைந்திருக்கும். பின்னாலிருந்து ஆறு இலக்கங்களை வெட்டி, முன்னால் மிஞ்சியதை அதோடு கூட்டுங்கள்: 142856 + 1. பெரிதாகவே எடுப்போமே, 365-ஆல் பெருக்கினால் 52142805. வெட்டினால் 52, 142805, கூட்டினால் 142857. அந்த 52 எங்கிருந்து வந்தது? 365-ஐ 7-ஆல் வகுத்த ஈவு; ஒரு வருஷத்துக்கு 52 வாரம், மிச்சம் 1 நாள். மிச்சம் 1 என்பதால்தான் சுற்று 1-இலேயே தொடங்குகிறது. லீப் வருஷத்து 366-ஐப் போட்டுப் பாருங்கள், 285714 வரும்.