சுங்குடி கடை வெப்சைட்டுக்கு கீவேர்ட் (கூகுள்ல தேடுறவங்க டைப் பண்ற வார்த்தை) பாக்கத் தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்கண்ணே

வணக்கம் மக்களே. மதுரை கீழவாசல் பக்கம் எங்க மதினி சின்னதா சுங்குடி சேலைக் கடை வச்சிருக்காங்க, வெப்சைட் வேலை நம்ம தலையில. கூகுள்ல "காட்டன் சேலை"ன்னு போட்டா பெரிய பெரிய சைட்டுதேன் வரிசையா நிக்குது, அங்கிட்டுப் போய் முட்டி பிரயோஜனம் இல்லன்னு தெரியுது. அதான் "கையில முடிச்சுப் போட்ட மதுரை சுங்குடி சேலை", "சுங்குடி எப்படி துவைக்கணும் சாயம் போகுமா" இப்படி நீளமா, தேடுறவங்க கம்மியா இருந்தாலும் வாங்குற எண்ணத்தோட வர்றவங்க டைப் பண்றத புடிக்கலாம்னு ஒரு யோசனை.

கீவேர்ட் பிளானர்ல (ஒரு வார்த்தைய மாசத்துக்கு எத்தனை தடவ தேடுறாகன்னு காட்டுற கூகுள் டூல்) விளம்பரத்துக்கு காசு கட்டாததால 10-100, 100-1000ன்னு தோராயமாத்தேன் காட்டுது. சர்ச் கன்சோல்ல (என்ன தேடி நம்ம சைட்டுக்கு வர்றாகன்னு காட்டுற கூகுள் டூல்) பாத்தா "சுங்கிடி"ன்னு போட்டும் வர்றாக, இங்கிலீஷ் எழுத்துல விதவிதமாவும் வர்றாக. ஒவ்வொண்ணுக்கும் தனிப் பக்கம் போடணுமா, இல்ல ஒரே பக்கத்துல எல்லாத்தையும் கலந்து எழுதுனா கூகுளே புரிஞ்சுக்கிருமா? தமிழ்ப் பக்கம் தனியா வைக்கிறது நல்லதா?

ஒருத்தர் மெட்டா கீவேர்ட்ஸ் டேக்ல (பக்கத்தோட கோடுக்குள்ள, பாக்குறவங்க கண்ணுக்குத் தெரியாம வைக்கிற கீவேர்ட் பட்டியல்) அம்பது வார்த்தை திணிச்சுத் தர்றேன், முதல் பக்கம் கேரண்டின்னு காசு கேக்குறாரு. அந்த டேக்க ரேங்கிங்குக்கு பாக்குறதே இல்லன்னு கூகுள் 2009லயே சொல்லிருச்சேண்ணே, அப்புறம் என்ன கேரண்டி!

சின்னக் கடைக்கு இந்த வேலை பாத்தவங்க யாராச்சும் இருந்தா, முதல்ல எந்த மாதிரி கீவேர்ட்ல கைய வைக்கிறதுன்னு கமெண்ட்ல சொல்லுங்க.