ஒயினின் லேபிளைப் பார்க்காமல் எந்தத் திராட்சை ரகத்தை மோந்தே கண்டுபிடித்தீர்கள்?

எனக்கு அது கெவுர்ட்ஸ்ட்ராமினர். பாட்டிலைத் துணியால் சுற்றி வைத்து ஊற்றிக் கொடுத்தார்கள். வெள்ளை ஒயின்தான், ஆனால் மஞ்சள் கொஞ்சம் தூக்கல். கிளாஸ் மூக்குக்குப் பக்கத்தில் வரும்போதே லிச்சிப் பழ வாசனை, அதன் பின்னாலேயே பன்னீர். வாயில் வைத்தால் புளிப்பு குறைவு. நாக்கில் கனமாகப் படர்ந்து, விழுங்கிய பிறகு லேசான கசப்பு நின்றது. சொல்லிவிட்டேன், அதேதான். அப்புறம் தேடிப் படித்தபோது ஒரு விஷயம் தெரிந்தது: ரோஜாவிலும் லிச்சியிலும் இருக்கிற ரோஸ் ஆக்சைடு என்ற பொருள் இந்தத் திராட்சையிலும் இருக்கிறதாம். பழகத் தொடங்குகிறவர்கள் பிரான்சின் அல்சாஸ் பகுதியில் செய்த ஒன்றை முதலில் மோந்து பாருங்கள். மஸ்கட் என்ற ரகத்தோடு குழம்பலாம். ஆனால் மஸ்கட்டில் பச்சைத் திராட்சையின் மணமே அப்படியே வரும். பெரும்பாலான ஒயின்களில் அது வராது என்பதால் பிரித்துவிடலாம். உங்கள் அனுபவம் என்ன?

*

எனக்கு சிரா என்ற சிவப்பு ரகம். பிரான்சின் வடக்கு ரோன் பள்ளத்தாக்கில் விளைந்தது. அப்போதுதான் இடித்த மிளகு மாதிரி அத்தனை பளிச்சென்று இருந்தது. பக்கத்தில் இருந்த நண்பரோ, “பிளம் தெரிகிறது, புகை தெரிகிறது, மிளகு எங்கே?” என்கிறார். என் கிளாஸையே கொடுத்தேன். அப்போதும் இல்லை. இத்தனைக்கும் எங்கள் கூட்டத்தில் நுணுக்கமாக ருசி பார்ப்பவர் அவர்தான்.

இதற்குக் காரணம் இருக்கிறது. அந்த மிளகு மணம் ரோட்டண்டோன் என்ற பொருளால் வருகிறது. நிஜ மிளகின் மணத்துக்கும் முக்கியக் காரணம் அதுவே. 2008-இல் ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்தார் இதைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் வெறும் 16 நானோகிராம் இருந்தாலே மூக்கு பிடித்துவிடும். ஆனால் அவர்கள் சோதித்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு, அதைவிடப் பல மடங்கு கூட்டித் தண்ணீரில் கலந்து கொடுத்தும் தெரியவில்லை. அதனால் மிளகு தெரியாதவரைப் பார்த்து “இன்னும் நன்றாக மோந்து பார்” என்று யாரும் வற்புறுத்தாதீர்கள். அடர்ந்த நிறம், கறுப்புப் பழங்கள், ஆலிவ் காய், புகைபோட்ட இறைச்சி என்று சிராவைப் பிடிக்க வேறு வழிகள் உண்டு. வெயில் அதிகமான இடத்து ஷிராஸில் (சிராவின் இன்னொரு பெயர்) மிளகு பொதுவாக அடங்கித்தான் இருக்கும், பழம்தான் மேலே நிற்கும்.

*

எனக்கு ரீஸ்லிங். எலுமிச்சைக்கு நடுவே மண்ணெண்ணெய் நெடி! பல வருடம் பாட்டிலில் கிடந்த ரீஸ்லிங்குக்கு அது இயல்பு. விருந்தில் ஒருவர் கெட்டுப்போய்விட்டது என்று கொட்டப் போனார். நல்லவேளை, தடுத்துவிட்டோம்.

*

பச்சைக் குடமிளகாய் வாசனையை யாரும் சொல்லவில்லையே! கேபர்னே சோவிஞோன் ஒன்றையும் சோவிஞோன் பிளாங்க் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணை மூடி மோந்து பாருங்கள். ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை. கேபர்னே சரியாகப் பழுக்காத வருடத்தது என்றால் இரண்டிலும் அதே பச்சை வாசனை எட்டிப் பார்க்கும். பைரசின் வகைப் பொருள்களின் வேலை அது. காய் வெயில் பட்டுப் பழுக்கப் பழுக்கக் குறைந்துவிடும். கேபர்னே சோவிஞோன் என்பது சோவிஞோன் பிளாங்கும் கேபர்னே பிராங்கும் சேர்ந்து பிறந்த ரகம் என்று 1997-இல் மரபணுச் சோதனையில் உறுதியானது. தாய்வழியோ தந்தைவழியோ, அந்தப் பச்சை வாசனை குடும்பச் சொத்து. கார்மனேர் என்ற சிவப்பு ரகத்திலும் அது தூக்கலாகவே இருக்கும். சிலியில் கார்மனேர் கொடிகளை மெர்லோ என்ற இன்னொரு சிவப்பு ரகம் என்றே நினைத்து வளர்த்துவந்தார்கள். 1994-இல்தான் அது வேறு ரகம் என்று தெரியவந்தது.

*

எல்லாம் சரி. ஆனால் “வெண்ணெய், வெனிலா வந்தால் ஷார்டனே என்ற வெள்ளை ரகம்” என்று பலரும் சொல்லித் தருகிறார்களே, அதை நான் ஏற்கமாட்டேன். வெண்ணெய் மணம் பாக்டீரியா நடத்தும் இரண்டாவது நொதிப்பில் உண்டாகும் டைஅசிட்டைல் என்ற பொருளால் வருவது. வெனிலா ஓக் பீப்பாய் கொடுப்பது. இரண்டுமே திராட்சையின் சொந்த மணம் கிடையாது. அதே ஷார்டனேயை எஃகுத் தொட்டியில் செய்த சாப்ளியாக (பிரான்சின் சாப்ளி பகுதி ஒயின்) குடித்தபோது பச்சை ஆப்பிளும் எலுமிச்சையும் கூர்மையான புளிப்பும்தான் இருந்தன. அதனால் வெண்ணெய் வாசனை வந்தால் அதை ஒதுக்கி வைத்துவிட்டு, அதற்கு அடியில் என்ன பழம் இருக்கிறது என்று தேடுவேன். ஷார்டனே அடக்கமான ரகம், அதைப் பிடிப்பது எனக்கு இன்றும் கடினம்தான்.

சிரா பற்றி எழுதியவருக்கு ஒரு கேள்வி. அந்த நண்பருக்கு குரூனர் வெல்ட்லினர் கொடுத்துப் பார்த்தீர்களா? ஆஸ்திரிய வெள்ளை ரகம், அதிலும் ரோட்டண்டோன் உண்டு. சிராவின் அடர்ந்த பழமும் புகையும் அதில் குறுக்கே நிற்காது. அதிலும் மிளகு தெரிகிறதா என்று கேட்டுச் சொல்லுங்கள்.